முதல் இலக்கிய விழா: சிற்றூர் வாசகர் வட்டங்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

ஊரில் ஒரு இலக்கிய விழா நடத்தலாம் என்று பேச்செடுத்ததும் முதலில் எழும் கேள்வி, "யாரைக் கூப்பிடலாம்?" என்பது. விழா முடிந்த அடுத்த மாதம் யார் கூடிப் பேசப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவது கேள்விக்கு விடை இருந்தால் முதல் கேள்வி எளிது. இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய எழுத்தாளர் வந்தாலும் நாற்காலிக்காரர் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதோடு விழா தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் நீடித்து நிற்கும் விழாக்களுக்குப் பின்னால் ஆண்டு முழுக்க இயங்கும் அமைப்பு ஒன்று இருக்கும். காரைக்குடி கம்பன் கழகம் 1939இல் சா. கணேசன் தொடங்கியது. சென்னையில் 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை, இதழ்களில் வந்த சிறுகதைகளை மாதந்தோறும் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அதன் ஆண்டு விழா அந்தப் பன்னிரண்டு மாத வாசிப்பின் மேல் நின்றது. விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் விருது வழங்கிவருகிறது. அதன் கோவை விழாவை நடத்துபவர்கள் வாசகர்களே. ஈரோடு புத்தகத் திருவிழாவை 2005 முதல் நடத்துவது மக்கள் சிந்தனைப் பேரவை. பொருநை, சிறுவாணி, வைகை, காவிரி என்று ஆற்றுப் பெயர்களில் அரசு நடத்திய விழாக்கள் வேறு வகை: அங்கே மாவட்ட நிர்வாகத்தின் ஆள்பலம் இருக்கிறது. உங்களுக்கு அது இருக்காது. எட்டுப் பத்துப் பேர் இருப்பார்கள். அந்த அளவில் நடக்கும் ஒருநாள் விழாவுக்கான வழிமுறை இது.

வட்டம் முதலில்

விழாவுக்கு முன் குறைந்தது ஆறு மாதக் கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் ஏற்கெனவே பெயரளவில் இருக்கலாம். நூலகரைப் பார்த்துப் பேசினால் இடம் கிடைக்கும். ஒரு கூட்டத்துக்கு ஒரு நாவல் அல்லது இரண்டு சிறுகதை போதும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். கதைச் சுருக்கம் சொல்வதைத் தடை செய்யுங்கள். எல்லோரும் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினால், படிக்காமல் வந்தவர் அடுத்த முறை படித்துவிட்டு வருவார்.

இந்த ஆறு மாதத்தில் யார் நேரத்துக்கு வருகிறார், யார் சொன்ன வேலையை முடிக்கிறார், யாருக்குக் கணக்கு வரும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பொறுப்புகளை அதை வைத்துப் பிரியுங்கள். அரங்கும் ஒலியும் ஒருவர், விருந்தினர் ஒருவர், பணம் இருவர், புத்தக மேசை இருவர், சாப்பாடு ஒருவர், நிகழ்ச்சி நேரம் ஒருவர். நேரத்துக்குப் பொறுப்பானவர் அன்று மேடையேறக் கூடாது. இரண்டு வேலையும் ஒருவரிடம் இருந்தால் இரண்டும் கெடும்.

நாள் குறித்தல்

முகூர்த்த நாள் பார்த்து, அதைத் தவிர்த்து நாள் குறியுங்கள். முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது, மைக்செட் கிடைக்காது, சமையல்காரர் கிடைக்க மாட்டார், ஊரில் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போயிருப்பார்கள். ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லாததால் மண்டபக்காரர் வாடகையைக் குறைத்துப் பேசவும் தயாராக இருப்பார். ஆடியில் இரண்டு தொல்லை உண்டு: காற்றில் வெளிப் பந்தல் நிற்காது, பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளென்றால் உங்கள் அரங்குக்குள் பக்திப்பாட்டு கேட்கும். கோயிலில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

மார்கழியிலும் மண்டபம் காலியாக இருக்கும். ஆனால் டிசம்பர் கடைசியிலிருந்து பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும் சென்னைப் புத்தகக் காட்சிக்கான ஓட்டத்தில் இருப்பார்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மார்ச்சில் பொதுத்தேர்வு, பள்ளி வளாகமும் கிடைக்காது, ஆசிரியர்களும் வர மாட்டார்கள். ஆக, ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை, அதற்கடுத்து பிப்ரவரி.

தேர்தல் அறிவிப்பு வரக்கூடிய காலமென்றால் இன்னும் கவனம் வேண்டும். நடத்தை விதி அமலில் இருக்கும்போது அரசுக் கட்டடம் கிடைப்பது சிக்கல். ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துவைக்கும். புத்தக விற்பனைப் பணமும் அதற்கு விலக்கல்ல.

பணம்

முதல் செலவுத்திட்டம் போடும்போது அரங்கு, ஒலி, மின்சாரம் மூன்றுக்கும் சேர்த்துப் பத்தில் மூன்று பங்கு, விருந்தினர் பயணம், தங்கல், மதிப்பூதியம் மூன்று பங்கு, சாப்பாடு இரண்டு பங்கு, அச்சு ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு என்று தொடங்குங்கள். கடைசிப் பங்கைத் தொடாமல் விழா முடிவது அபூர்வம்.

நன்கொடையைத் தனிநபர் யுபிஐ எண்ணில் வாங்காதீர்கள். நாணயமானவர்தான் என்றாலும் அவருடைய வீட்டுச் செலவும் விழா வரவும் ஒரே கணக்கில் கலந்துவிடும். ஆறு மாதம் கழித்து ஒருவர் சந்தேகமாகக் கேட்டால் பிரித்துக் காட்ட முடியாது. வட்டத்தைப் பதிவு செய்ய எண்ணமிருந்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் போதும். முதல் ஆண்டுக்கு அது வேண்டாம் என்றால், இருவர் பெயரில் கூட்டுக் கணக்கு ஒன்றை விழாவுக்கு மட்டும் தொடங்குங்கள். நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி சான்று கையில் இல்லாமல் "வரிவிலக்கு உண்டு" என்று யாரிடமும் வாய் தவறிச் சொல்ல வேண்டாம். சான்று இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்குச் சலுகை கிடைக்காது.

பெரிய தொகை தருபவர் மேடையில் ஒரு நாற்காலி எதிர்பார்ப்பார். இதைப் பணம் வாங்குவதற்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டும். நிகழ்ச்சி நிரல் தாளில் பெயர், அரங்க வாசலில் நன்றிப் பலகை, முதல் வரிசையில் இடம் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்காமல் இருப்பதே மலிவு.

விருந்தினர்

ஒருநாள் விழாவுக்கு வெளியூர் விருந்தினர் மூன்று அல்லது நான்கு பேர் போதும். தொலைபேசியில் ஒப்புதல் வாங்கியதும் அன்றே எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதில் நாள், இடம், அமர்வின் பொருள், எத்தனை நிமிடம், உடன் பேசுபவர்கள் யார், எத்தனை பார்வையாளர்கள், பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவீர்களா, மதிப்பூதியம் எவ்வளவு என்பது எல்லாம் இருக்க வேண்டும். பணத்தைப் பற்றி எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடுவதுதான் நம் ஊர்களில் வழக்கம். பிறகு வருத்தம் இரண்டு பக்கமும் தங்கிவிடும். தர இயலாவிட்டால் வழிச்செலவு மட்டும் என்று தெளிவாக எழுதுங்கள். அதற்கும் சம்மதித்து வருபவர்கள் இருக்கிறார்கள்.

ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. அன்றே போவதற்கும் வருவதற்கும் எடுத்துவிடுங்கள். ஞாயிறு இரவு சென்னை திரும்பும் வண்டிகளில் கடைசி வாரம் இடம் இருக்காது. வந்திறங்கும் இடத்தில் அவரை அடையாளம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். மதிப்பூதிய உறையைச் சாப்பாட்டு இடைவேளையிலேயே கொடுத்துவிடுங்கள். மாலைக் கூட்டத்தில் பொருளாளரைத் தேடிக்கொண்டு எழுத்தாளர் நிற்கக் கூடாது.

பெண் எழுத்தாளர்களை "பெண் எழுத்து" என்று ஓர் அமர்வில் மொத்தமாக உட்காரவைத்துவிட்டு மற்ற அமர்வுகளை ஆண்களுக்கு விடுவது இன்னும் நடக்கிறது. நாவல் அமர்வுக்கு நாவலாசிரியர், மொழிபெயர்ப்பு அமர்வுக்கு மொழிபெயர்ப்பாளர் என்று பாருங்கள், இது தானாகச் சரியாகும். தங்குமிடத்தை முன்னதாக நேரில் போய்ப் பாருங்கள். அரங்கின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இது சரியில்லாத அரங்கில் பெண்கள் மதியத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள். காரணத்தை யாரும் உங்களிடம் வந்து சொல்லப் போவதும் இல்லை.

அழைப்பிதழில் பெயர் வரிசையால் மனத்தாங்கல் வருவதுண்டு. அகர வரிசை என்று ஒரு வரி போட்டுவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. ஒப்புதல் வருமுன் யார் பெயரையும் அச்சிட வேண்டாம்.

மேடையும் நேரமும்

விழாக்கள் கெடுவது பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 வினாடி. அதற்குப் பிறகு வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரை ஆறு. "ரெண்டு நிமிஷம்" என்று மைக்கைப் பிடிப்பவர் ஏழு நிமிடம் பேசுவார். ஆறு பேருக்கு நாற்பத்திரண்டு நிமிடம் போயிற்று. பொன்னாடை போர்த்தி, திரும்பி நின்று, படம் எடுத்து முடிக்க ஒருவருக்கு ஒன்றரை நிமிடம். பத்துப் பேருக்குப் பதினைந்து. முதல் அமர்வு தொடங்கும்போது காலைத் தேநீர் நேரம் வந்திருக்கும். அன்று முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தைப் பிடிக்கவே முடியாது.

எனவே தமிழ்த்தாய் வாழ்த்து, மூன்று நிமிட வரவேற்பு, உடனே முதல் அமர்வு. உள்ளூர்ப் பெரியவர்களுக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். அதை மாலை நிறைவில் வைத்தால் அவர்களும் நாள் முழுக்க இருப்பார்கள். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள், மேடைக்குக் கீழே. மேடையில் நான்கு நாற்காலிக்கு மேல் போடவே வேண்டாம். நாற்காலி கிடந்தால் யாராவது அழைக்கப்படுவார், அழைக்கப்பட்டவர் பேசுவார்.

ஓர் அமர்வுக்கு ஒரு மணி நேரம். நன்றாக வேலை செய்யும் ஓர் அமைப்பு: எழுத்தாளரின் நூல்களைப் படித்த வட்டத்தார் மூவர், ஆளுக்கு எட்டு நிமிடம், மூன்று வெவ்வேறு கோணத்தில் பேசுவது. பிறகு எழுத்தாளரின் ஏற்புரை பதினைந்து நிமிடம், கலந்துரையாடல் இருபது. மூவரும் ஒருவாரம் முன்பு கூடி யார் எதைத் தொடுவது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மூவரும் ஒரே கதையைச் சொல்வார்கள். சிறுகதை அமர்வென்றால், விழாவுக்கு வருவதாகப் பெயர் பதிவு செய்தவர்களுக்குக் கதையை மூன்று வாரம் முன்பே அனுப்புங்கள், எழுத்தாளரின் அனுமதியோடு. வெளியான நூலிலிருந்து ஒரு பகுதியை மேடையில் வாசிக்கச் சட்டம் இடம் தருகிறது. முழுக் கதையை நகலெடுத்துப் பரப்ப அனுமதி வேண்டும். புதுமைப்பித்தன் போல நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் படைப்புகளுக்கு அந்தக் கவலை இல்லை. முதல் விழாவுக்கு இது ஒரு வசதி.

கவியரங்கம் வைத்தால் ஐந்து கவிஞர், ஆளுக்கு ஆறு நிமிடம், கவிதைகளை முன்கூட்டி வாங்கிக்கொள்வது. "விருப்பமுள்ளவர்கள் மேடைக்கு வரலாம்" என்று மட்டும் அறிவித்துவிடாதீர்கள்.

பேச்சாளருக்கு நேர் எதிரே முதல் வரிசையில் நேரக்காப்பாளர் மூன்று அட்டைகளோடு உட்கார வேண்டும்: 3 நிமிடம், 1 நிமிடம், முடிக்கவும். அட்டை காட்டப்படும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். மணி அடிப்பது மூத்தவர்களை அவமதிப்பது போலாகிவிடும். அட்டைக்கும் நிற்காதவருக்கு ஒரே வழி, நெறியாளர் எழுந்து வந்து பக்கத்தில் நிற்பது. பேசாமல் நின்றால் போதும்.

கேள்வி நேரத்தில் மைக்கைக் கேட்பவர் கையில் கொடுக்கக் கூடாது. தொண்டர் பிடித்துக்கொள்ள வேண்டும். கைக்குப் போன மைக் உரையாக மாறும். முதல் கேள்வியைக் கடைசி வரிசையிலிருந்து வாங்குங்கள், அதன்பின் மற்றவர்களுக்கும் கூச்சம் போய்விடும். யாரும் கேட்காமல் இருக்கும் அந்த அரை நிமிடத்துக்காக வட்டத்தார் இருவர் உண்மையான கேள்விகளோடு தயாராக இருக்கட்டும்.

அரங்கில் நாற்காலிகளை முழுக்கப் பரப்பாதீர்கள். நூற்றைம்பது பேர் வரலாம் என்று எதிர்பார்த்தால் எண்பது போட்டு, மீதியைப் பின்னால் அடுக்கி வையுங்கள். நிரம்பும்போது சேர்க்கலாம். முந்நூறு நாற்காலியில் நூறு பேர் உட்கார்ந்தால் கூட்டமே இல்லாததுபோல் தெரியும், பேச்சாளருக்கும் குரல் இறங்கிவிடும். முதல் வரிசை சோபாக்களை எடுத்துவிடச் சொல்லுங்கள், அவை எப்போதும் காலியாகவே கிடக்கும்.

ஒலியும் மின்சாரமும்

கல்யாண மண்டபம் பேச்சுக்காகக் கட்டப்பட்டதல்ல. டைல்ஸ் தரை, வெறும் சுவர், உயரமான தகரக் கூரை எல்லாம் சேர்ந்து எதிரொலிக்கும். சரியாகக் கேட்கவில்லை என்று யாராவது கையசைத்ததும் மைக்செட்காரர் சத்தத்தைக் கூட்டுவார், எதிரொலியும் கூடும், இன்னும் புரியாது. மேடையோரம் இரண்டு பெரிய பெட்டிகளைக் கொண்டு முழு அரங்கையும் நிரப்ப முயலாமல், இரு பக்கச் சுவரோரமும் நான்கு சிறிய பெட்டிகளைப் பரப்பி, ஒவ்வொன்றையும் குறைந்த சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். பின்சுவரில் தடித்த துணித்திரை தொங்கவிட்டால் இன்னும் தெளியும். காலையில் வெற்று அரங்கில் சோதிக்கும்போது அதிர்வாகத்தான் இருக்கும். ஆட்கள் உட்கார்ந்ததும் கொஞ்சம் அடங்கும்.

மைக் ஐந்து வேண்டும்: பேச்சு மேடைக்கு ஒன்று, மேசைக்கு இரண்டு, பார்வையாளர்களுக்குக் கம்பியில்லாதது இரண்டு. பேட்டரிகளை மதிய இடைவேளையில் மாற்றிவிடுங்கள், தீர்ந்த பிறகு மாற்றலாம் என்று இருக்க வேண்டாம். மைக் "கூ" என்று கூவினால் அது ஒலிப்பெட்டிக்கு எதிரே போயிருக்கிறது என்று பொருள். கேள்வி மைக்கோடு நடக்கும் தொண்டருக்கு இதைச் சொல்லிவையுங்கள். பேசுபவர் வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. மைக்செட்காரர் தேநீருக்குப் போகும்போது அவர் இடத்தில் உட்காரத் தெரிந்த ஒருவர் உங்கள் பக்கம் இருக்க வேண்டும். இடைவேளையில் சினிமாப் பாட்டு போட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் போடுவார், அது அவர் வழக்கம்.

பதிவு செய்வதாக இருந்தால் ஒலியை மிக்சரிலிருந்து (மைக்குகள் எல்லாம் வந்து சேரும் ஒலிக் கலவைக் கருவி) நேராக ஒரு கம்பி வழியாக எடுங்கள். அரங்கின் நடுவில் வைத்த செல்போனில் மின்விசிறிச் சத்தமும் இருமலும்தான் பதிவாகும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாளில் என்று மின்வாரிய அலுவலகத்தில் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்று மண்டபக்காரர் சொல்வது போதாது, முதல்நாள் மாலை ஓட்டிக் காட்டச் சொல்லி, டீசல் அளவையும் பாருங்கள். மின்சாரம் மாறும் அந்த ஒரு நிமிடத்தில் மிக்சர் அணைந்து, மீண்டும் வரும்போது பெரிதாக இடிக்கும். மிக்சருக்கு மட்டும் சிறிய யுபிஎஸ் ஒன்று வைத்தால் இது தீரும்.

அனுமதி

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள், பதினைந்து நாள் முன்பாகவே. ஒலி மாசு விதிகள் 2000இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி அறிவிக்கப்பட்ட 100 மீட்டர் அமைதிப் பகுதி. கூம்பு ஒலிபெருக்கியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். சாலையோரம் பிளெக்ஸ் வைக்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். அரங்க வாசலுக்குள் ஒரு துணிப் பதாகையோடு நிறுத்திக்கொள்வது மேல்.

புத்தக மேசை

பதிப்பாளர்களுக்கு இருபது நாள் முன்பே பட்டியல் அனுப்பி, விற்ற பின் பணம், மீதி திருப்பித் தருவது என்ற முறையில் கேளுங்கள். வந்து பேசும் எழுத்தாளரின் புதிய நூல் பதினைந்து பிரதி, பழையவை ஐந்தைந்து, வட்டம் பரிந்துரைக்கும் இருபது தலைப்புகள் மும்மூன்று: நூறு பேர் கூட்டத்துக்கு இது போதும். பெட்டி வந்ததும் இருவர் சேர்ந்து எண்ணி, அனுப்புச் சீட்டில் குறித்துக் கையெழுத்திடுங்கள். திரும்பும்போது வரும் எல்லாத் தகராறும் இந்த எண்ணிக்கையில்தான் பிறக்கும். பதிப்பாளர் தரும் கழிவில் பத்து சதவீதத்தை வாசகருக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் பார்சல் செலவைக் கழியுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை.

மேசையை நுழைவாயிலில் வைக்காமல் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் வையுங்கள். வரும்போது எல்லோருக்கும் இடம் பிடிக்கும் அவசரம், போகும்போதுதான் நிற்பார்கள். அதே வழியில் எழுத்தாளர் கையெழுத்திட ஒரு சிறு மேசை, பெயர் எழுதித் தர துண்டுச் சீட்டுகள். வட்டக் கணக்கின் கியூஆர் அட்டை இரண்டு வேண்டும்; பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளில் சில்லறையும் வேண்டும். மண்டபத்தின் உள்ளறைகளில் சிக்னல் கிடைக்காது, முதல்நாளே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள்.

சாப்பாடு

பதிவு செய்தவர்களில் சிலர் வர மாட்டார்கள், பதியாமல் சிலர் வருவார்கள்; இரண்டும் ஏறத்தாழ சரிக்கட்டும். எனவே பதிவு எண்ணிக்கையையே சமையல்காரரிடம் சொல்லுங்கள். இலைபோட்டுப் பரிமாற ஆசையென்றால் கணக்கைப் பாருங்கள்: ஐம்பது இலை விழும் கூடத்தில் ஒரு பந்திக்கு இருபத்தைந்து நிமிடம், நூற்றைம்பது பேருக்கு மூன்று பந்தி, எழுபத்தைந்து நிமிடம். ஒரு மணி நேர இடைவேளைக்குள் அடங்காது. கலந்த சாதப் பொட்டலம் என்றால் கால் மணி நேரத்தில் எல்லோர் கையிலும் இருக்கும். முதல் விழாவுக்குப் பொட்டலமே நல்லது. மதியச் சாப்பாட்டுக்கு அடுத்து நீண்ட ஆய்வுரை வைக்காதீர்கள். உரையாடலோ கதைசொல்லலோ வையுங்கள்.

முடிந்த பிறகு

நிகழ்ச்சி நிரல் தாளின் கடைசி வரியில் அடுத்த மாதக் கூட்டத்தின் நாள், இடம், படிக்க வேண்டிய நூல் மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். விழாவுக்கு வந்த நூறு பேரில் ஐந்து பேர் அந்தக் கூட்டத்துக்கு வந்தால் நல்ல விளைச்சல். விற்காத நூல்களை ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பி, விற்ற பணத்தை அதே நாளில் செலுத்துங்கள். அடுத்த ஆண்டு பதிப்பாளர் கேட்ட உடனே பெட்டி அனுப்புவதும் அனுப்பாததும் இதைப் பொறுத்ததே. வரவுசெலவைப் பத்து நாளுக்குள் ஒரே பக்கத்தில் எழுதி, பணம் தந்த ஒவ்வொருவருக்கும், நூறு ரூபாய் தந்தவருக்கும்கூட, அனுப்புங்கள். பொருளாளரிடம் உள்ள பில்களைச் செல்போனில் படமெடுத்து இன்னொருவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும், வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் சில மாதத்தில் வெளுத்துவிடும்.